மஃபின் எதனால் உப்புகிறது? சோடாவும் புளிப்பும் சேரும் கணக்கு

ஸ்காட்லாந்தில் இருக்கும் என் மதினி போன வருடம் ஒரு செய்முறை அனுப்பினார். தன் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த ருபார்ப் தண்டுகளை நறுக்கிப் போட்டு அவர் செய்த குட்டி மஃபின். படத்தில் ஒவ்வொன்றும் உச்சியில் லேசாக வெடித்து, வெடிப்புக்குள் சிவப்புத் துண்டுகள் எட்டிப் பார்த்தன. பாளையங்கோட்டையில் ருபார்ப்புக்கு எங்கே போவது? புளிப்புக்குப் புளிப்பு என்று பச்சை மாங்காயைப் போட்டுச் செய்தேன். செய்முறையில் பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன் என்று இருந்தது. வீட்டில் பேக்கிங் பவுடர் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று ஒன்றேகால் டீஸ்பூனும் சோடாவாகவே போட்டுவிட்டேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் சேர்த்தேன்.

ஓவனுக்குள் முதலில் ஜோராகத்தான் எழும்பியது. அப்புறம் நடு நடுவே குழி விழுந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறம் இல்லை. அங்கங்கே செங்கல் நிறத்தில் புள்ளிகள். ஆச்சி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, சவுக்காரத்த தின்ன மாதிரி இருக்கு."

அந்த மூன்று குற்றங்களுக்கும் (குழி, செங்கல் புள்ளி, சவுக்கார ருசி) காரணம் ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் எந்தப் பழத்தைப் போட்டும் மஃபின் செய்யலாம். "சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒண்ணுதான்", "நல்லா உப்பணும்னா இன்னும் கொஞ்சம் போடு", "புளிப்புப் பழம் போட்டா தானா உப்பும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்கிறேன். மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதைப் பார்ப்போம்.

காற்றை உள்ளே கொண்டுவர மூன்று வழி

மஃபினோ கேக்கோ ஆப்பமோ, உப்புவது என்றால் மாவுக்குள் குமிழ்கள் உண்டாகி, அவை வெளியே ஓடிவிடாமல் அங்கேயே நின்று, சுற்றியுள்ள மாவு வெந்து கெட்டிப்படுவது. அவ்வளவுதான். குமிழை உண்டாக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதல் வழி, அடிப்பது. தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். (1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான்.) அதில் மைதா இல்லை, சோடா இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து முந்திரித் தூள் கலந்து சுடுகிறார்கள். வாயில் போட்டதும் கரைகிறதே, அது அடித்து ஏற்றிய காற்று.

இரண்டாவது வழி, புளிக்க வைப்பது. ஆப்ப மாவுக்கு அந்தக் காலத்தில் கள் ஊற்றுவார்கள். கள்ளில் இருக்கும் ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். கோலி சோடாவைத் திறந்ததும் சீறிக்கொண்டு வருவதும் இதே வாயுதான். இந்த வழிக்கு ஓர் இரவு பொறுமை வேண்டும்.

மூன்றாவது வழிதான் மஃபினின் வழி: சோடாவும் புளிப்பும் சந்திக்கும்போது நொடியில் கிளம்பும் வாயு. அடிக்கவும் வேண்டாம், இரவெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம்.

இந்த மூன்றாவது வழி நம் ஆச்சிமாருக்குத் தெரியாதது இல்லை. ஆப்ப மாவு அதிகமாகப் புளித்துவிட்டால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். ஊற்றிய உடனே மாவு பொசுபொசுவென்று நுரைத்து எழும்பும். புளிப்பும் குறைந்துவிடும். இந்த ஒரு காட்சியில் பாடம் முழுவதும் இருக்கிறது. வாயு வந்தது, புளிப்பு போனது. இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியாது.

காரமும் புளிப்பும்

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேதியியலில் காரம் என்றால் மிளகாயின் உறைப்பு இல்லை. புளிப்புப் பொருளுக்கு, அதாவது அமிலத்துக்கு, நேர் எதிரான தன்மை உள்ள பொருளுக்குக் காரம் என்று பெயர். நம் பேச்சிலேயே இந்தப் பொருள் ஒளிந்திருக்கிறது: அப்பளக்காரம் என்கிறோம், சவுக்காரம் என்கிறோம். இரண்டிலும் இருப்பது இந்தக் காரம்தான். சுண்ணாம்பும் காரம். ஆப்ப சோடாவும் காரம், ஆனால் மென்மையானது. அதன் வேதிப் பெயர் சோடியம் பைகார்பனேட்.

அமிலமும் காரமும் சரியான அளவில் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். ஆப்ப சோடா விஷயத்தில் அப்படித் தீரும்போது மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், துளி உப்பு. தயிரின் புளிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, மாங்காயின் புளிப்பு, எதுவானாலும் நடப்பது இதுதான்.

புளிப்பே இல்லாவிட்டாலும் சோடா சூட்டில் தானாக உடைந்து வாயு விடும். அதனால்தான் "சும்மா போட்டாலும் உப்புதே" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி உடையும்போது கிடைக்கும் வாயு பாதிதான். அப்புறம் மிஞ்சுவது சலவைச் சோடா. ஆமாம், துணி வெளுக்கிற அதே பொருள். ஆச்சி சொன்னது உவமை இல்லை. அவள் நாக்கு சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது.

செங்கல் புள்ளிக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்து போகிறதே, அதே கதைதான். மஞ்சள் தூள் காரம் பட்டால் சிவக்கும். என் மஃபினில் புளிப்பைத் தேடிக் கிடைக்காமல் மிஞ்சிக் கிடந்த சோடா, மஞ்சளைச் சிவப்பாக்கிவிட்டது. குஜராத்திப் பலகாரமான டோக்ளா செய்கிறவர்கள் சில சமயம் சிவப்புப் புள்ளி வருகிறது என்று வருத்தப்படுவதும் இதனால்தான்.

இதுவரை பார்த்தது: சோடா ஒரு காரம். புளிப்பு சேர்ந்தால் வாயு முழுதாக வரும், இரண்டும் தீரும். புளிப்பு பற்றாவிட்டால் வாயு குறையும், சவுக்கார ருசி மிஞ்சும்.

பேக்கிங் பவுடர் எங்கே வேறுபடுகிறது

பேக்கிங் பவுடர் என்பது சோடாவும், அதைத் தீர்க்கத் தேவையான அளவு உலர்ந்த புளிப்புத் தூளும் ஏற்கெனவே கலந்து வைத்த பொட்டலம். இரண்டும் டப்பாவுக்குள்ளேயே சந்தித்துவிடாமல் ஈரத்தை இழுத்துக்கொள்ள சோள மாவும் இருக்கும். 1843-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் இதை உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் இல்லாமல் உப்பும் ரொட்டி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று செய்தது.

ஆக, சோடா என்பது ஜோடியில் ஒருவர் மட்டும்; மற்றவரை நீங்கள் மாவில் சேர்க்க வேண்டும். பேக்கிங் பவுடரில் ஜோடி இருவரும் உள்ளேயே இருக்கிறார்கள். அதனால்தான் ஒரே அளவில் எடுத்தால் சோடாவின் வேகம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். கால் டீஸ்பூன் சோடா ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குச் சமம். ஒன்றேகால் டீஸ்பூன் சோடா போட்ட நான், ஐந்து டீஸ்பூன் பேக்கிங் பவுடரின் வேலையை அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் ஏற்றியிருக்கிறேன்.

இப்போது கடைகளில் கிடைக்கும் பவுடரில் பெரும்பாலானவை 'இரட்டைச் செயல்' வகை. ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயு, ஓவனில் சூடேறியதும் மீதி வாயு என்று இரண்டு தவணையில் விடும். சோடாவுக்கு இந்தப் பொறுமை கிடையாது. தயிர் பட்ட கணமே தொடங்கிவிடும். சோடாவை மட்டும் நம்பிச் செய்த மாவைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது, வரட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வாயு பாதி போயிருக்கும். பவுடர் மாவு அந்த அளவுக்குக் கைவிடாது.

டப்பா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று பொங்க வேண்டும். சோடா என்றால் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட வேண்டும். புளியங்குடிப் பழம் ஒன்று வீட்டில் எப்போதும் கிடக்குமே, அதில் கொஞ்சம் பிழிந்தால் போதும். சத்தமில்லாமல் கிடந்தால் அந்தத் தூளை மஃபினுக்கு எடுக்காதீர்கள். ஈரக் கரண்டியை உள்ளே விட்டு எடுப்பதுதான் பவுடரைக் கெடுக்கும் முதல் வழி.

கூடப் போட்டால் கூட உப்பாதா?

உப்பாது. பொங்கலன்று பால் பொங்குவதை நினைத்துப் பாருங்கள். பானையின் விளிம்புவரை கிடுகிடுவென்று ஏறும், வழியும், அடுத்த நிமிடம் அடங்கிவிடும். ஏறிய உயரம் நிற்பதில்லை, ஏனென்றால் நுரையைத் தாங்கும் சுவர் பாலில் அவ்வளவு உறுதியாக இல்லை.

மஃபினிலும் அப்படியே. குமிழுக்குச் சுவர் மாவு. அந்தச் சுவர் வெந்து கெட்டிப்படக் கொஞ்ச நேரம் ஆகும். முட்டையும் மாவின் புரதமும் இறுகி, ஸ்டார்ச் நீரை உறிஞ்சிக் கஞ்சிப் பதம் ஆன பிறகுதான் சுவர் நிலைக்கும். அதற்கு முன்பே வாயு அளவுக்கு மீறி வந்தால் சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே வந்து உடைந்துவிடும். தாங்க ஆள் இல்லாமல் நடுப்பகுதி அமுங்கும். என் மஃபினில் விழுந்த குழி இதுதான்.

வாயு வரும் வேகமும் சுவர் இறுகும் வேகமும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஓவனை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சுவரைப் பற்றிப் பேசும்போது பரோட்டா

நம் ஊரில் மைதா என்றால் கை தானாகவே பிசையத் தொடங்கிவிடும். மஃபினுக்கு அது ஆகாது. கோதுமையில் இருக்கும் புரதம் தண்ணீர் பட்டு, பிசையப் பிசைய ரப்பர் மாதிரி இழுபடும் வலையாக மாறும். அதற்கு குளூட்டன் என்று பெயர். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தவர்கள் அதைக் கையாலேயே தொட்டிருப்பார்கள். பாலைப் பிழிந்தெடுத்த பிறகு விரலில் ஒட்டிக்கொண்டு இழுபடும் அந்தப் பசைதான்.

பரோட்டா மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெயில் ஊறவிட்டு, வீசி விசிறுவது அந்த வலையை வளர்க்கத்தான். மஃபினுக்கு வலை வளரவே கூடாது. வளர்ந்தால் பதம் ரொட்டி மாதிரி ஆகிவிடும். உள்ளே புழு துளைத்தது போல நீளநீளமாகத் துளைகள் விழும். உலர்ந்த பொருள்களை ஒரு கிண்ணத்திலும் ஈரப் பொருள்களை இன்னொன்றிலும் தனித்தனியே கலந்துவிட்டு, இரண்டையும் சேர்த்த பிறகு பத்துப் பன்னிரண்டு தடவை கிளறினால் போதும். அங்கங்கே மாவுக் கட்டி தெரியும். தெரியட்டும், விட்டுவிடுங்கள். கட்டியை உடைக்கிறேன் என்று இன்னும் ஐம்பது சுற்றுச் சுற்றியதால் கெட்டுப்போன மஃபின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ருபார்ப் என்பது என்ன?

பழ மஃபின் என்கிறோமே தவிர, ருபார்ப் பழமே இல்லை. குளிர் நாடுகளில் வளரும் ஒரு செடியின் இலைக்காம்பு. பார்க்கச் சிவப்புச் சாயம் ஏறிய செலரித் தண்டு போல இருக்கும். இமயமலைப் பகுதியிலும் இந்தச் செடியின் இனங்கள் உண்டு. குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து ஓய்வெடுத்தால்தான் அது மறுபடி வீரியமாகத் துளிர்க்கும் என்பதால் தாமிரபரணிக் கரையில் அதற்கு வாழ்வில்லை. பச்சையாகக் கடித்தால் வாய் கூசும் புளிப்பு. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சூடு பட்ட சில நிமிடங்களில் குழைந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். ருபார்ப் இலை பெரிதாக, சேம்பு இலை மாதிரி இருக்கும். எந்த இலையைப் பார்த்தாலும் கீரையாகக் கடையலாமா என்று யோசிப்பது நம் வழக்கம். புளிச்சக்கீரை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் புளிப்பு இலை என்றால் பயமும் கிடையாது. ஆனால் இந்த இலையைச் சமைக்கவே கூடாது. அதில் ஆக்ஸாலிக் அமிலம் நச்சு அளவுக்கு இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாட்டின்போது இந்த இலையைச் சாப்பிடலாம் என்று சொல்லி, அதை நம்பியவர்களுக்கு விஷமேறிய கதை உண்டு. தண்டு மட்டும்தான் உணவு.

நமக்கு இங்கே கைக்கு எட்டுவது கிளிமூக்கு மாங்காய், அன்னாசி, விதை நீக்கிய அரைநெல்லி. மூன்றிலும் எனக்கு மாங்காயே பிடித்திருக்கிறது. தண்ணீர் குறைவு, வெந்தாலும் ருபார்ப் அளவுக்குக் கரைந்துபோகாது.

பழத்தின் புளிப்பு ஏன் கணக்கில் வராது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். புளிப்பான பழம் போடுகிறோம், ஆகவே சோடாவைக் கூட்டிப் போடலாம், பழம் தீர்த்துவிடும் என்று நானும் நினைத்தேன். அப்படி நடக்காது.

மாங்காய்த் துண்டுக்குள் இருக்கும் புளிப்பு அந்தத் துண்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. சோடாவோ மாவு முழுக்கப் பரவியிருக்கிறது. ஓவனில் சூடேறி, துண்டு இளகி, சாறு கசியத் தொடங்கும்போதுதான் இரண்டும் சந்திக்கும். அதற்குள் சுற்றியுள்ள மாவு இறுகத் தொடங்கியிருக்கும். கசிந்த சாறும் துண்டைச் சுற்றி ஒரு நூல் அகலத்துக்குத்தான் போகும். மீதி மாவிலுள்ள சோடா புளிப்பைக் காணாமலே உடைந்து சலவைச் சோடாவாகிவிடும்.

ஆகவே சோடாவுக்கு ஜோடியாக, மாவோடு முழுதாகக் கலக்கிற புளிப்பை மட்டுமே கணக்கிட வேண்டும்: தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, பழத்தை வேகவைத்து மசித்த கூழ். அரை டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு கப் புளித்த தயிர் என்பது நம்பகமான அளவு. துண்டாகப் போடும் பழம் ருசிக்கும் ஈரத்துக்கும்தான்.

கருப்பட்டி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுச் செய்முறைகளில் கரும்புப்பாகு, பழுப்புச் சர்க்கரை இவற்றை லேசான புளிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கைக் கருப்பட்டிக்கு அப்படியே கொண்டுவர வேண்டாம். பதநீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தானே இறக்குகிறார்கள்? சுண்ணாம்பு காரம்.

இன்னொன்றும் இருக்கிறது. ருபார்ப் மஃபினோ மாங்காய் மஃபினோ, அதன் உயிரே இனிப்புக்கு நடுவே சுரீரென்று வரும் புளிப்பு. சோடா வாயுவைக் கொடுக்கும்போது புளிப்பைத் தின்றுவிடுகிறது என்று ஆப்ப மாவில் பார்த்தோம். புளிப்பு நிற்க வேண்டும் என்றால் சோடாவைத் தயிருக்குத் தேவையான அளவோடு நிறுத்திவிட்டு, மீதி வேலையைப் பேக்கிங் பவுடரிடம் விட வேண்டும். மதினியின் செய்முறையில் இரண்டும் ஏன் தனித்தனியே இருந்தன என்பது இதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

சரி, செய்து பார்க்கலாம்

12 குட்டி மஃபினுக்கு இந்த அளவு. மைதா 200 கிராம், சீனி 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். கரண்டியால் கலப்பதை விடச் சலிப்பது நல்லது. சோடா ஓரிடத்தில் கட்டியாகத் தங்கினால் அங்கே மட்டும் கசக்கும். இன்னொரு கிண்ணத்தில் புளித்த தயிர் 120 மில்லி, முட்டை ஒன்று, வாசனை இல்லாத எண்ணெய் 70 மில்லி, பால் இரண்டு மேசைக்கரண்டி. ஓவனை 190 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

மாங்காயோ ருபார்ப்போ 150 கிராம், சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கி, ஒரு கரண்டி சீனி தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். கசியும் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி எடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். துண்டின் ஈரத்தை அந்த மைதா பிடித்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேகாத களி மாதிரி ஒரு வளையம் நிற்கும்.

ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, பத்துக் கிளறல். பழத்தைப் போட்டு இன்னும் இரண்டு கிளறல். மாவு கரண்டியிலிருந்து வழியக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும்; அந்தக் கெட்டிப் பதத்தில்தான் பழம் அடியில் போய் உட்காராது. காகிதக் கிண்ணங்களில் முக்கால் அளவு நிரப்பி உடனே ஓவனில் வைத்துவிடுங்கள். 18 முதல் 20 நிமிடம் ஆகும். முதல் 12 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம், சுவர் இன்னும் இறுகியிருக்காது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கும்போது பழத்தில் குத்தினால் ஈரமாகத்தான் வரும். ஆகவே இரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள்.

எடுத்தவுடன் பிய்க்காமல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, அப்புறம் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். இந்த முறை ஆச்சிக்கு முதலில் கொடுத்தேன். ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, "மாங்கா எந்தக் கடையில வாங்குன?" என்று கேட்டாள்.